விடியலில் தொடங்கி விண்மீன் தெரியும்வரை: யூதர்களின் சிறு நோன்புகள்

யூதர்களின் நோன்பு என்றால் பலருக்கும் யோம் கிப்பூர் ஒன்றுதான் நினைவுக்கு வரும். பாவமன்னிப்பு கேட்கும் நாள். முந்தைய மாலை சூரியன் மறையுமுன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் பல்லில் தண்ணீர்கூடப் படாமல் இருப்பார்கள். அதற்கு அடுத்தது யூத நாட்காட்டியின் ஆப் மாதம் ஒன்பதாம் நாள். எருசலேம் ஆலயம் இரண்டு முறை அழிந்ததற்காகத் துக்கம் காக்கும் நாள் அது; அதற்கும் அதே 25 மணி நேரம்தான். இவை இரண்டும் பெரிய நோன்புகள். இவை போக, ஆண்டுக்குள் இன்னும் நான்கு பொது நோன்புகள் வருகின்றன. அவற்றைத்தான் சிறு நோன்புகள் என்கிறார்கள்.

பெயரைப் பார்த்து, பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் விரதம் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இதிலும் உணவு கிடையாது, தண்ணீரும் கிடையாது. சிறியது என்பது நேரத்திலும் கட்டுப்பாட்டிலும்தான். பெரிய நோன்பு நாளில் குளிக்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, தோல் செருப்பு அணியக் கூடாது, தாம்பத்திய உறவும் கூடாது. சிறு நோன்பில் உண்பதும் குடிப்பதும் மட்டுமே விலக்கு. குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், கடை திறக்கலாம். விடியலின் முதல் வெளிச்சத்தில் தொடங்கி, சூரியன் மறைந்து வானத்தில் விண்மீன்கள் தெரியும்வரை நோன்பு. இஸ்லாமியர்களின் ரமலான் நோன்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். என்ன, ரமலான் நோன்பைச் சூரியன் மறைந்ததுமே திறந்துவிடுவார்கள், இங்கே இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

அந்த நான்கு நாள்கள் எவை? திஷ்ரி மாதம் மூன்றாம் நாள் கெதலியா நோன்பு. தேபேத் மாதம் பத்தாம் நாள். ஆதார் மாதம் பதின்மூன்றாம் நாள் எஸ்தர் நோன்பு. தம்மூஸ் மாதம் பதினேழாம் நாள். எஸ்தர் நோன்பைக் கொஞ்ச நேரம் தனியே வைத்துவிடலாம். அதன் கதை வேறு. மற்ற மூன்றும், பெரிய நோன்பான ஆப் ஒன்பதும் சேர்ந்து ஒரே அழிவின் நான்கு கட்டங்கள். நகரம் முற்றுகையிடப்பட்டது, மதில் உடைந்தது, ஆலயம் எரிந்தது, கடைசியில் மிஞ்சியிருந்த நம்பிக்கையும் கொலையானது. பொதுவாக மக்கள் பேரழிவின் உச்ச நாளைத்தான் நினைவில் வைப்பார்கள். இவர்கள் அது தொடங்கிய நாளுக்கும் நோன்பு வைத்திருக்கிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு நடந்த ஒன்றுக்கும் வைத்திருக்கிறார்கள்.

தொடக்கம் தேபேத் பத்து. கி.மு. 588 வாக்கில் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைச் சுற்றி வளைத்தது அன்றுதான். அன்று நகருக்குள் பெரிதாக எதுவும் இடியவில்லை. ஆலயம் நின்றுகொண்டிருந்தது, அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்திருக்கும். ஆனால் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் அடைபட்டன. பாபிலோனில் ஏற்கெனவே நாடு கடத்தப்பட்டிருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு, "இந்த நாளின் பெயரை, இதே நாளை எழுதி வை" என்று கட்டளை வந்ததாக அவருடைய நூல் சொல்கிறது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு நீண்ட முற்றுகை, பஞ்சத்தில் போய் முடிந்தது.

இந்த நாளுக்குப் பிற்காலத்தில் இன்னொரு பொருளும் சேர்ந்தது. இறந்தவர்களுக்காக, அவர்கள் இறந்த தேதியில் உறவினர்கள் காதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வது யூத வழக்கம். நாஜிகளின் படுகொலையில் இறந்த லட்சக்கணக்கானோர் எந்த நாளில் இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் பிள்ளைகள் எந்த நாளில் காதிஷ் சொல்வது? இஸ்ரேலின் தலைமை ரப்பி அவை (ரப்பி என்றால் யூத மதகுரு), நாடு உருவானதையொட்டிய ஆண்டுகளில், தேபேத் பத்தை இதற்கான பொது நாளாக அறிவித்தது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அன்று காதிஷ் சொல்லப்படுகிறது.

அடுத்தது தம்மூஸ் பதினேழு. அன்று ஐந்து துயரங்கள் நடந்ததாக, ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கணக்குச் சொல்கிறது. சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்துவிட்டு இறங்கி வந்த மோசே, மக்கள் பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடுவதைக் கண்டு கற்பலகைகளை எறிந்து உடைத்தது, ஆலயத்தில் அன்றாடப் பலி நின்றுபோனது, நகர மதில் உடைந்தது, அப்போஸ்தோமோஸ் என்பவன் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை எரித்தது, ஆலயத்துக்குள் ஒரு சிலை நிறுத்தப்பட்டது. அந்த அப்போஸ்தோமோஸ் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

மதில் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாபிலோனியர் மதிலை உடைத்தது நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் என்று எரேமியா தீர்க்கதரிசியின் நூல் தெளிவாகவே சொல்கிறது. பதினேழு என்பது கி.பி. 70இல் ரோமர்கள் இரண்டாம் ஆலயக் காலத்து மதிலை உடைத்த நாள். இரண்டுக்கும் தனித்தனி நோன்பு வைப்பது மக்களுக்குப் பாரம் என்று, பிந்தைய அழிவின் தேதியையே இரண்டுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத் நூல்களில் ஒன்றான எருசலேம் தல்மூத் வேறு விளக்கம் தருகிறது: முதல் முறையும் பதினேழில்தான் உடைந்தது, வந்த துன்பத்தில் மக்களுக்குத் தேதி குழம்பிவிட்டது என்கிறது அது. எனக்கு இந்த இரண்டாம் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. முற்றுகையில் பசியோடு கிடந்தவர்கள் நாள் கணக்கைத் தவறவிட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

தம்மூஸ் பதினேழு அன்றோடு முடிவதில்லை. அன்றிலிருந்து ஆப் ஒன்பதுவரை மூன்று வாரம் துக்க காலம். திருமணம் வைக்க மாட்டார்கள். ஐரோப்பிய அஷ்கெனாசி மரபினர் முடிவெட்டிக்கொள்வதும் இல்லை. ஆப் மாதம் பிறந்ததும் ஓய்வுநாள் தவிர மற்ற நாள்களில் இறைச்சியும் மதுவும் நின்றுவிடும். இப்படி மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போய், ஆப் ஒன்பதன்று தரையில் உட்கார்ந்து புலம்பல் நூலை வாசிப்பதில் முடியும்.

மூன்றாவது கெதலியா நோன்பு. நான்கில் இதுதான் அதிகம் பேசப்படாதது. ஒரு மன்னனுக்கோ தீர்க்கதரிசிக்கோ இல்லாமல், ஆளுநர் ஒருவருக்காக ஏன் 2,500 ஆண்டுகளாக நோன்பு வைக்க வேண்டும்? கதை தெரிந்தால் புரியும்.

ஆலயம் எரிந்தபின், கி.மு. 586 வாக்கில், பாபிலோனியர்கள் பெரும்பாலோரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். ஏழைகளையும் திராட்சைத் தோட்டக்காரர்களையும் நிலத்திலேயே விட்டுவைத்து, அவர்களுக்கு மேலாளாகக் கெதலியாவை நியமித்தார்கள். நல்ல குடும்பம், அவருடைய தகப்பன் அகீக்காம் ஒருமுறை எரேமியாவின் உயிரைக் காப்பாற்றியவர். கெதலியா மிஸ்பா என்ற ஊரில் இருந்துகொண்டு மக்களிடம் சொன்னது எளிமையான விஷயம்: பாபிலோன் ராஜாவுக்குக் கட்டுப்பட்டு இருங்கள், திராட்சரசமும் கோடைக் கனிகளும் எண்ணெயும் சேர்த்து வையுங்கள், உங்கள் ஊர்களில் குடியிருங்கள். மோவாப், அம்மோன், ஏதோம் என்று அக்கம்பக்க நாடுகளுக்கு ஓடிப்போயிருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டு அறுவடையும் ஏராளம் என்கிறது எரேமியா நூல். எல்லாம் போனபிறகும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன வழி தெரிந்தது.

அப்போது யோகனான் என்ற படைத்தலைவன் வந்து எச்சரித்தான்: அம்மோனின் ராஜா உன்னைக் கொல்ல இஸ்மவேலை அனுப்பியிருக்கிறான், அனுமதி கொடு, யாருக்கும் தெரியாமல் நானே போய் அவனை முடித்துவிடுகிறேன். கெதலியா நம்பவில்லை. "இஸ்மவேலைப் பற்றி நீ சொல்வது பொய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த இஸ்மவேல் யூதா அரச குடும்பத்தைச் சேர்ந்தவன். ஏழாம் மாதத்தில் பத்துப் பேரோடு மிஸ்பாவுக்கு வந்து, கெதலியாவோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, எழுந்து அவரை வெட்டிக் கொன்றான். அங்கிருந்த பாபிலோனியச் சேவகர்களையும் யூதர்களையும் விடவில்லை.

கொலை வெளியே தெரியுமுன், சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து எண்பது பேர் வந்தார்கள். தாடியைச் சிரைத்து, உடையைக் கிழித்து, துக்கக் கோலத்தில், எரிந்துபோன ஆலயத்துக்குக் காணிக்கையும் தூபமும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இஸ்மவேல் அழுதுகொண்டே எதிரே போய் அவர்களை வரவேற்றான். உள்ளே அழைத்துவந்து வெட்டிக் குழியில் போட்டான். பத்துப் பேர் மட்டும் தப்பினார்கள். வயலில் கோதுமை, வாற்கோதுமை, எண்ணெய், தேன் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லி உயிரை வாங்கிக்கொண்டார்கள். பின்னர் இஸ்மவேல் அம்மோனுக்கு ஓடிவிட்டான். பாபிலோனியர் பழிவாங்குவார்கள் என்று பயந்த மக்கள், போகாதீர்கள் என்று எரேமியா தடுத்தும் கேளாமல், அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். யூதா நாட்டில் தங்களுக்கென்று எஞ்சியிருந்த கடைசி ஏற்பாடும் அத்தோடு போயிற்று.

"நீதிமான்களின் மரணம் ஆலயம் எரிந்ததற்குச் சமம்" என்று இந்த நோன்புக்குத் தல்மூத் காரணம் சொல்கிறது. ஆனால் அதே தல்மூத் இன்னோர் இடத்தில் கெதலியாவையும் சும்மா விடவில்லை. செத்தவர்களின் உடல்கள் "கெதலியாவின் கையால்" குழியில் போடப்பட்டதாக எரேமியா நூலின் ஒரு வரியைப் படிக்க இடமிருக்கிறது. கொன்றது இஸ்மவேல்தானே என்று கேட்டு, யோகனானின் எச்சரிக்கையை அவர் சட்டை செய்யாததால் அவரே கொன்றதைப் போல வேதம் எழுதுகிறது என்று ரப்பிகள் பதில் சொல்கிறார்கள். பிறரைப் பற்றி வரும் அவதூறை நம்பக் கூடாது, ஆனால் எச்சரிக்கையாகவாவது இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். யாருக்காகத் துக்கம் காக்கிறார்களோ அவரையே இப்படிக் கணக்குக் கேட்பது அசாதாரணமான நேர்மை. 1995 நவம்பர் 4 அன்று இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினை ஒரு யூதனே சுட்டுக் கொன்றபிறகு, கெதலியா நோன்பைப் பற்றிய பேச்சில் அந்தக் கொலையும் சேர்ந்துகொண்டது. யூதர் கையால் யூதத் தலைவர் இறந்த பழைய கதை அவர்களுக்கு அருகில் வந்துவிட்டது.

இந்த நோன்பு வரும் நேரம்தான் கொஞ்சம் வசதிக் குறைவு. திஷ்ரி முதல் இரண்டு நாளும் ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டு, விருந்துக்கு மேல் விருந்து முடித்த கையோடு மறுநாள் நோன்பு. கெதலியா இறந்தது புத்தாண்டு நாளிலேயே, பண்டிகையில் நோன்பு கூடாது என்பதால்தான் மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, அழிந்த ஆலயத்தை மறுபடி கட்டிவிட்டால் நோன்பை விட்டுவிடலாமா? இந்தக் கேள்வி அப்போதே வந்துவிட்டது. கி.மு. 518இல், பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் இரண்டாம் ஆலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பெத்தேலிலிருந்து சிலர் வந்து கேட்டார்கள்: இத்தனை வருடமாக ஐந்தாம் மாதத்தில் அழுதுவந்தோமே, இனியும் அழ வேண்டுமா? சகரியா தீர்க்கதரிசி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுபது வருடம் நோன்பு வைத்தீர்களே, அது எனக்காகவா என்று கடவுள் கேட்பதாகச் சொல்லி, விதவையையும் அநாதையையும் அந்நியனையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள் என்று பேச்சைத் திருப்பினார். பிறகு, நான்காம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாத நோன்புகள் ஒருநாள் மகிழ்ச்சியின் பண்டிகைகளாக மாறும் என்றார். மாதங்களை வசந்தகால நிசானிலிருந்து எண்ணினால் இவை தம்மூஸ், ஆப், திஷ்ரி, தேபேத். மேலே பார்த்த அதே நான்கு.

அந்த வாக்கியத்தில் நோன்பு என்றும் இருக்கிறது, பண்டிகை என்றும் இருக்கிறது. தல்மூத்தில் ரப் பாப்பா என்ற அறிஞர் இதைப் பிரித்துச் சொன்னார்: சமாதானம் இருந்தால் அந்த நாள்கள் பண்டிகை, அடக்குமுறை இருந்தால் கட்டாய நோன்பு, இரண்டும் இல்லாவிட்டால் விருப்பமானவர் வைக்கலாம், விரும்பாதவர் விடலாம். ஆப் ஒன்பது மட்டும் இதற்கு விலக்கு. அன்று பல துயரங்கள் சேர்ந்து நடந்ததால் அது எப்போதும் கட்டாயம். அப்புறம் வந்த நூற்றாண்டுகளில் சமூகமே விரும்பி ஏற்றுக்கொண்டதால் சிறு நோன்புகளும் சட்டமாகிவிட்டன. ஆனால் அந்தத் தொடக்கத்தின் தளர்வு இன்றும் தெரிகிறது. நோய், கர்ப்பம் போன்ற காரணங்களுக்கு இந்த நாள்களில் எளிதாக விலக்கு கிடைக்கும். 1948இல் இஸ்ரேல் உருவானபின், குறிப்பாக 1967இல் எருசலேமின் பழைய நகரம் கைக்கு வந்தபின், இனியும் மதிலுக்காக நோன்பு வேண்டுமா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. ஆலயம் இன்னும் இல்லையே என்று பழமைப் பிடிப்புள்ளவர்கள் தொடர்கிறார்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெரும்பாலும் கடைப்பிடிப்பதில்லை.

எஸ்தர் நோன்பு இந்தக் கணக்கில் சேராது. பாரசீகப் பேரரசில் யூதர்களை அழிக்க அரசனின் அமைச்சன் ஆமான் திட்டமிட்டபோது, ராணி எஸ்தர் மூன்று நாள் நோன்பிருந்து அரசனிடம் போனாள். அந்தக் கதையைக் கொண்டாடும் பூரிம் பண்டிகைக்கு முந்தின நாள் இந்த நோன்பு. எஸ்தர் நோன்பிருந்தது நிசான் மாதத்தில், இது வருவதோ ஆதாரில். தல்மூத்திலும் இப்படியொரு நோன்புக்குச் சட்டம் இல்லை. 8ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் தென்படுகிறது. அதனால் நான்கிலும் மிகவும் இளகியது இதுதான். அன்று மாலை, பழங்காலத்தில் ஆலயத்துக்குக் கொடுத்த அரைச் சேக்கல் காணிக்கையின் நினைவாக மூன்று நாணயங்களைத் தர்மத்துக்குப் போடுவார்கள். இருட்டியும் உடனே சாப்பிட முடியாது. எஸ்தர் சுருளை முழுதாக வாசித்துக் கேட்டபிறகுதான் சாப்பாடு.

பொது நோன்பாக இல்லாமல், தலைப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு நோன்பும் உண்டு. எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்காவுக்கு முந்தின நாள் வரும். எகிப்தில் தலைச்சன்கள் செத்தபோது இஸ்ரவேலின் தலைச்சன்கள் தப்பியதன் நினைவு. ஆனால் இதை நாள் முழுக்க இருப்பவர்கள் குறைவு. தல்மூத்தின் ஒரு பகுதியைப் படித்து முடிப்பது மகிழ்ச்சியான நிகழ்வு, அதற்கு விருந்து உண்டு, அந்த விருந்தில் பங்கெடுப்பவருக்கு நோன்பு விலகிவிடும். எனவே அன்று காலை ஜெப ஆலயத்தில் ஒருவர் கடைசிப் பத்திகளைப் படித்து முடிக்க, சுற்றி நிற்கும் தலைப்பிள்ளைகள் கேக்கும் ஒரு வாய் மதுவும் எடுத்துக்கொண்டு கலைவார்கள். சட்டத்தை மீறாமல் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைக் கண்டுபிடிப்பதில் ரப்பிகளுக்கு நிகர் ரப்பிகள்தான்.

சிறு நோன்பு நாளில் ஜெப ஆலயத்தில் என்ன நடக்கும்? வழக்கமான தொழுகைக்குள் "எங்களுக்குப் பதில் தாரும்" என்று தொடங்கும் ஒரு மன்றாட்டு சேரும். மன்னிப்புப் பாடல்கள் வரும். காலையிலும் பிற்பகலிலும் தோராச் சுருளை எடுத்து யாத்திராகமத்தின் 32, 34ஆம் அதிகாரங்களிலிருந்து வாசிப்பார்கள். பொன் கன்றுக்குட்டிக்குப் பிறகு மோசே கடவுளிடம் கெஞ்சும் பகுதி அது. கடவுள் மனமிரங்கி, இரண்டாம் முறை பலகைகளை வெட்டி வரச் சொல்வார். எந்த நோன்பாக இருந்தாலும் இதே வாசிப்புதான். "உம்முடைய கோபத்தின் உக்கிரத்தை விட்டுத் திரும்பும்" என்ற இடம் வரும்போது வாசிப்பவர் நிறுத்துவார். கூடியிருப்பவர்கள் அந்த வரியைச் சத்தமாகச் சொன்னபின், அவர் அதையே திரும்ப வாசிப்பார். கடவுளின் இரக்க குணங்களைச் சொல்லும் இடத்திலும் இப்படித்தான். இந்த வாசிப்புக்கு மேடைக்கு அழைக்கப்படுபவர் நோன்பிருப்பவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். உடம்பு சரியில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவர் முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் காதோடு சொல்லிவிடுவார்.

வெறும் பட்டினியால் பயன் இல்லை என்பதையும் அவர்கள் நூல்களே ஓயாமல் சொல்கின்றன. மனத்தை எழுப்பித் திருந்தும் வழியைத் திறக்கத்தான் இந்த நாள்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் எழுதினார். மழை பொய்த்த காலத்து நோன்பைப் பற்றி மிஷ்னாவில் ஒரு காட்சி உண்டு. தோராச் சுருள் வைக்கும் பேழையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, அதன்மேலும் தலைவர்கள் தலையிலும் சாம்பலைப் போட்டபின், மூத்தவர் ஒருவர் எழுந்து பேசுவார்: சகோதரரே, நினிவே மக்களைப் பற்றி, கடவுள் அவர்களுடைய சாக்குத்துணியையும் நோன்பையும் கண்டார் என்று எழுதவில்லை, அவர்களுடைய செயல்களைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது.

நேரக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். எருசலேமில் குளிர்காலத் தேபேத் நோன்பு 12 மணி நேரம் அளவில் முடிந்துவிடும். கோடையின் தம்மூஸ் நோன்பு 16 மணி நேரம் போகும். லண்டன் போன்ற வடக்கு நகரங்களில் அது 18 மணி நேரத்தைத் தாண்டும். விடியுமுன் எழுந்து சாப்பிட நினைப்பவர், படுக்கப் போகும்போதே அப்படி நினைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூங்கியதுமே நோன்பு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பெண்பிள்ளைகள் 12 வயதுவரை, ஆண்பிள்ளைகள் 13 வயதுவரை வைக்க வேண்டியதில்லை.

நோன்பு ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். எஸ்தர் நோன்பு மட்டும் முன்னால் வந்து வியாழனில் அமரும். பொது நோன்புகளில் வெள்ளிக்கிழமை வரக்கூடியது தேபேத் பத்து மட்டுமே. அப்போது ஓய்வுநாள் விளக்கேற்றியபிறகும் பசியோடுதான் இருப்பார்கள். இருட்டியபின் திராட்சரசக் கோப்பையைக் கையிலெடுத்துச் சொல்லும் கித்தூஷ் ஆசிதான் நோன்பைத் திறக்கும். 2025 ஜனவரி 10 அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: 2024ஆம் ஆண்டுக்குள் தேபேத் பத்து வரவே இல்லை, 2025இல் ஜனவரியிலும் டிசம்பர் 30லும் இருமுறை வந்தது.

உங்களோடு வேலை பார்க்கும் யூத நண்பர் இந்த நாள்களில் விடுப்பு எடுத்திருக்க மாட்டார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வர மாட்டார். நோன்பிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் "ட்சோம் கால்" என்பார்கள், நோன்பு சுலபமாகப் போகட்டும் என்று பொருள். நீங்களும் அதையே சொல்லலாம், பண்டிகை வாழ்த்து மட்டும் வேண்டாம். எஸ்தர் நோன்பன்று இருட்டியதும் "பூரிம் சமேயாக்" என்று தாராளமாக வாழ்த்தலாம். அதற்குள் பண்டிகை பிறந்திருக்கும்.